உதிர்வது வேறு, மெலிவது வேறு

சென்ற இதழில் முடி உதிர்வு பற்றி வந்த கட்டுரை முழுவதும் ஓர் எண்ணின் மேல் நிற்கிறது. தினமும் உதிரும் முடியைப் பொறுக்கி எண்ணிப் பாருங்கள். நூறுக்குள் இருந்தால் இயல்பு, நூறைத் தாண்டினால் வழுக்கை தொடங்கிவிட்டது என்கிறார் கட்டுரையாளர். இதை ஒரு யோசனையாக அல்ல, மருத்துவ விதியாகவே சொல்கிறார். பிறகு உப்புத் தண்ணீர், ஹெல்மெட், தாய்வழித் தாத்தாவின் தலை, மொட்டை, மூலிகை எண்ணெய் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். தோல் மருத்துவனான எனக்கு அதில் ஒப்புக்கொள்ள ஒரு வரிதான் கிடைத்தது: எல்லாருக்கும் தினமும் முடி உதிர்கிறது என்ற வரி. மற்றதெல்லாம் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகளுக்கு நேரடியாகக் கெடுதல் செய்யக்கூடியது. அதனால்தான் கடுமையாக எழுதுகிறேன்.

முதலில் அந்த நூறு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். மனிதத் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் மயிர்க்கால்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனிக் காலக்கணக்கில் இயங்குகிறது. 2 முதல் 6 ஆண்டுவரை வளர்ச்சி, அடுத்து ஓரிரு வாரம் அடங்கும் கட்டம், அதன்பின் சுமார் 3 மாதம் ஓய்வு. ஓய்வு முடிந்தால் பழைய முடி விழும். அதே குழியிலிருந்து புதிய முடி கிளம்பும். எந்த நாளில் பார்த்தாலும் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 10,000 முடி, ஓய்வில் இருக்கும். அவ்வளவும் 100 நாளில் விழ வேண்டுமானால் நாளுக்கு 100. நூறு என்பது இப்படிப் போட்ட தோராயக் கணக்கு. ஒருவன் தலையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதற்காக யாரும் வகுத்த எல்லைக்கோடு இல்லை அது.

அந்தக் கணக்கையாவது வீட்டில் போட்டுப் பார்க்க முடியுமா? சனிக்கிழமை மட்டும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவனுக்கு, ஆறு நாளாகத் தலையிலேயே சிக்கிக் கிடந்த முடியெல்லாம் ஏழாம் நாள் சீயக்காயோடு சேர்ந்து மொத்தமாக வரும். தினமும் தலைக்குக் குளிக்கிறவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். இருவர் தலையிலும் நடப்பது ஒன்றுதான்; கட்டுரையாளரின் விதிப்படி ஒருவன் நோயாளி, மற்றவன் சுகவாசி. ஒட்ட வெட்டிய தலையில் இருந்து விழும் அரை அங்குல முடியைக் குளியலறைத் தரையில் யார் கண்டுபிடித்து எண்ணுவது? விழுவதில் பாதி பஸ்ஸிலும் வகுப்பறையிலும் காற்றோடு போய்விடுகிறது. எண்ணவே முடியாத ஒன்றை எண்ணச் சொல்லி, கிடைத்த எண்ணைக் கொண்டு நோய் இருக்கிறதா இல்லையா என்று முடிவு கட்டச் சொல்வதை மருத்துவ ஆலோசனை என்று எப்படி அச்சிட்டீர்கள்?

எண்ணிக்கை துல்லியமாகவே கிடைத்தாலும் அதனால் பயனில்லை. கட்டுரையாளர் அடியோடு தவறவிட்ட இடம் இதுதான். ஆண்களுக்கு வரும் வழுக்கை, முடி அதிகமாக விழுவதால் உண்டாவதில்லை. விழுந்த முடியின் இடத்தில் அடுத்து வருவது முன்னதைவிட மெல்லியதாக, குட்டையாக, நிறம் மங்கி வருவதால் உண்டாகிறது. பரம்பரையாக அந்த வாகு உள்ளவர்களின் நெற்றியோர மயிர்க்கால்களும் உச்சந்தலை மயிர்க்கால்களும் டைஹைட்ரோ டெஸ்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனுக்கு அளவு மீறி வசப்படுகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் வளர்ச்சிக் காலம் சுருங்குகிறது. மூன்று ஆண்டு வளர்ந்த முடி அடுத்த முறை ஒன்றரை ஆண்டு வளரும், அதற்கடுத்து சில மாதம். மண்ணின் சத்து இறங்க இறங்க ஒவ்வொரு போகமும் முந்தையதைவிடக் குட்டையாக விளைவது போல. 0.06 மில்லிமீட்டருக்கு மேல் கனமிருந்த முடி, கடைசியில் 0.03 மில்லிமீட்டரும் இல்லாத பூனைமுடியாகிவிடும். மயிர்க்கால் செத்துப்போகவில்லை, குறுகிவிட்டது. முற்றும் வழுக்கை விழுந்த உச்சியிலும் ஜன்னல் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தால் அந்தப் பூனைமுடி தெரியும்.

இப்போது கட்டுரையாளரின் விதியை முழுவழுக்கைக்காரர் ஒருவரிடம் கொண்டுபோங்கள். அவர் சீப்பில் நாளைக்குப் பத்து முடிகூட வராது. விதிப்படி அவருடைய தலைதான் ஊரிலேயே ஆரோக்கியமான தலை. இப்படி ஒரு முடிவுக்குக் கொண்டுவிடும் அளவுகோலை யாராவது தூக்கிப் போடாமல் இருப்பார்களா?

வெள்ளை வேர் பற்றிக் கட்டுரையாளர் எழுதியிருப்பது இதைவிட மோசம். உதிர்ந்த முடியின் அடியில் வெள்ளையாக ஒரு முனை தெரிந்தால் வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது என்றும், அந்த இடத்தில் இனி முளைக்காது என்றும் எச்சரிக்கிறார். உங்கள் தலையில் இருந்து விழுந்த ஒரு முடியை எடுத்து, கறுப்புத் துணி மேல் வைத்து, லென்ஸ் வழியே பாருங்கள். அடியில் தீக்குச்சித் தலையளவும் இல்லாத, உப்பலான, நிறமில்லாத ஒரு சிறு குமிழ் இருக்கும். வளர்ச்சியை முடித்து, நிறம் ஏறுவது நின்று, ஓய்வில் இருந்த முடி தானாகக் கழன்று வந்ததற்கான அடையாளம் அது. முடியை உற்பத்தி செய்யும் பகுதி தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. பெரும்பாலும் அடுத்த முடியைத் தொடங்கியும் இருக்கும். இயல்பாக உதிரும் ஒவ்வொரு முடியிலும் அந்த வெள்ளை முனை இருந்தே தீரும். அது இல்லையென்றால்தான் முடி நடுவில் ஒடிந்திருக்கிறது என்று பொருள். சாயம், சூடு, முரட்டுத்தனமாகச் சிக்கெடுப்பது போன்றவற்றைச் சந்தேகிக்க வேண்டும். அதாவது இயல்பான உதிர்வுக்குச் சான்றாக இருப்பதையே அழிவுக்குச் சான்று என்று எழுதிவிட்டார். எத்தனை பிள்ளைகள் அன்று இரவே அந்த வெள்ளை முனையைத் தேடிப் பார்த்துத் தூக்கம் கெட்டிருப்பார்கள்!

கற்பனையாகச் சொல்லவில்லை. அந்தக் கட்டுரையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு ஒரு பொறியியல் மாணவன் என்னிடம் வந்தான். கையில் பாலித்தீன் உறை. உள்ளே தலையணையிலும் குளியலறையிலும் பொறுக்கிச் சேர்த்த முடி. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு துண்டுச் சீட்டு, அதில் எண்ணிக்கை. ஒரு நாள்கூட நூறுக்குக் குறையவில்லை. வீட்டில் சொல்லாமல் கடன் வாங்கி முடி நடும் சிகிச்சைக்கு முன்பணம் கட்டிவிட்டிருந்தான். நான் உறையைத் திறக்கவில்லை. மூன்று மாதத்துக்கு முன் உடம்புக்கு என்ன வந்தது என்று கேட்டேன். டெங்கு. தீபாவளிக்கு முந்தைய வாரம் மருத்துவமனையில் படுத்திருக்கிறான்.

டெங்கு, டைஃபாய்டு, கோவிட் போன்ற கடும் காய்ச்சல், பெரிய அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து எடையைக் குறைப்பது, பெண்களுக்குப் பிரசவம்: இப்படி உடம்பு ஒரு பெரிய அதிர்ச்சியைத் தாங்கும்போது, வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் ஒரு பெரும் பகுதி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுகிறது. ஓய்வு சுமார் 3 மாதம் என்று மேலே சொன்னேன். ஆகவே காய்ச்சல் விட்டு, உடம்பு தேறி, காய்ச்சலையே மறந்துபோன பிறகு முடி கொத்துக் கொத்தாக வரும். டெலோஜன் எஃப்ளூவியம் என்பது இதன் பெயர். அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் 1961-இல் விவரித்து எழுதியது. ஐப்பசி, கார்த்திகை மழையில் டெங்கு வந்தவர்களுக்குத் தையிலும் மாசியிலும் முடி கொட்டுவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். நாளைக்கு 200, 300 என்று விழுந்தாலும், காரணம் நீங்கியிருந்தால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக அடங்கி முடி திரும்ப வளர்ந்துவிடும்.

அந்தப் பையனின் தலையில் நான்கைந்து இடங்களில் ஐம்பது அறுபது முடியைச் சேர்த்துப் பிடித்து, அடியிலிருந்து நுனிவரை மெல்ல இழுத்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் கையோடு வந்தது. காதுக்கு மேலும் வந்தது, பிடரியிலும் வந்தது. வழுக்கைக்குப் பிடரியில் வேலையே கிடையாது. தோலையும் முடியையும் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப்பை உச்சியில் வைத்துப் பார்த்தால் முடிகளெல்லாம் ஒரே கனம். இடையிடையே கூரான நுனியோடு, கறுத்து, கனமாகக் குட்டை முடிகள் எழுந்துகொண்டிருந்தன. வெட்டுப்படாத நுனி கூராக இருக்கும். அவையெல்லாம் புதிதாக முளைப்பவை. தலை தன்னைத்தானே சரிசெய்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் அவனை அறுவை மேசையில் படுக்கவைத்து, பிடரியிலிருந்து இரண்டாயிரம் மயிர்க்கால்களைத் தோண்டி எடுத்திருந்தால்? பிடரியில் கிடைப்பது ஓர் அளவுள்ள கையிருப்பு. ஒருமுறை எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. கட்டுரையாளர் கொடுத்த எண் அவனை அதுவரை கொண்டுபோயிருந்தது.

இதற்கு நேர் எதிரான கெடுதலும் உண்டு. அதுதான் எனக்கு அதிக வருத்தம். நூறுக்குள் இருந்தால் கவலை வேண்டாம் என்று உறுதி கொடுத்திருக்கிறாரே, அதை நம்பிச் சும்மா இருக்கும் இளைஞர்கள் யார்? பெரும்பாலும் உண்மையான வழுக்கை தொடங்கியவர்கள். அவர்களுக்கு உதிர்வு அதிகமாகத் தெரியாது. நாளைக்கு நாற்பது ஐம்பதுதான். ஆனால் உச்சியில் டெர்மோஸ்கோப்பை வைத்தால், ஒரே வட்டத்துக்குள் ஒரு கன முடி, பக்கத்தில் அதில் பாதிக் கனம், அதற்கடுத்து நூலிழை என்று ஏறுமாறாக நிற்கும். இந்தக் கன வேறுபாடு ஐந்தில் ஒரு பங்கு முடிகளுக்கு மேல் தெரிந்தால் அது பரம்பரை வழுக்கையின் வலுவான அடையாளம். அடர்த்தி ஏறக்குறைய பாதியாகும்வரை வெறுங்கண்ணுக்குப் பளிச்சென்று படாது. அதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். குறுகத் தொடங்கிய மயிர்க்காலை நிறுத்திப் பிடிக்க மருந்து உண்டு. பல ஆண்டு பூனைமுடியாகவே கிடந்ததைப் பழையபடி மீட்பது அரிது. தவறான ஆறுதல் ஒருவனிடமிருந்து எடுத்துக்கொள்வது இந்த ஆண்டுகளைத்தான்.

தண்ணீர், ஹெல்மெட் வாதங்களுக்கு 1959-இலேயே பதில் வந்துவிட்டது. நியூயார்க் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக், பிடரியிலிருந்து முடியுள்ள சிறு தோல் துண்டுகளை எடுத்து வழுக்கை விழுந்த முன்தலையில் நட்டார். அவை அங்கே பிடரி முடியாகவே தொடர்ந்து வளர்ந்தன. எந்த மயிர்க்கால் வழுக்கையாகும் என்பது மயிர்க்காலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. அது நிற்கும் இடமோ அதன் மேல் விழும் வெயிலோ தீர்மானிப்பதில்லை. இன்று நடக்கும் முடி நடும் சிகிச்சை எல்லாமே இந்த ஒரு உண்மையை நம்பித்தான் நடக்கிறது. போர் தண்ணீர் வழுக்கையை உண்டாக்குமானால், அதே சொம்புத் தண்ணீர் பிடரியிலும் வழிகிறதே, அங்கே ஏன் முடி அப்படியே நிற்கிறது? ஹெல்மெட் பக்கவாட்டில்தான் அதிகம் உரசுகிறது. பக்கவாட்டு முடி கடைசிவரை இருக்கிறதே? உப்புத் தண்ணீரில் முடி சொரசொரப்பாகும், சிக்கு விழும், ஒடியும். அது வேறு விஷயம். இந்த வாதத்தைப் படித்து எவனாவது ஹெல்மெட்டைக் கழற்றி வைத்தால், அந்தக் கட்டுரை முடியோடு நிற்காமல் உயிரையும் வாங்கிவிடும். அந்தப் பத்தியைப் பத்திரிகை ஆசிரியர் அனுமதித்தது எனக்கு அதிர்ச்சி.

ஆண் ஹார்மோனின் பங்கை ஜேம்ஸ் ஹாமில்டன் 1942-இலேயே காட்டினார். பருவம் எய்துவதற்கு முன் விந்தகம் நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழவில்லை. அவர்களுக்கு டெஸ்டோஸ்டீரோன் கொடுத்தபோது, குடும்ப வாகு இருந்தவர்களுக்கு விழத் தொடங்கியது. பின்னாளில், 1974-இல், டொமினிக்கன் குடியரசின் ஒரு கிராமத்தில் டைஹைட்ரோ டெஸ்டோஸ்டீரோனை உண்டாக்கும் நொதி பிறவியிலேயே குறைந்த குடும்பங்களைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. அந்த ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை. எண்ணெயையும் தண்ணீரையும் பற்றிப் பேசுகிறவர்கள் இதைப் பற்றி ஒரு வரியாவது எழுத வேண்டாமா?

தாய்வழித் தாத்தா தலையைப் பார்த்தால் போதும் என்பது அரை உண்மை. ஆண் ஹார்மோன் ஏற்பிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அது ஆணுக்குத் தாயிடமிருந்துதான் வரும், சரி. ஆனால் 2017-இல் பிரிட்டனில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் மரபணுக்களை ஆராய்ந்தபோது வழுக்கையோடு தொடர்புள்ள 287 இடங்கள் தெரியவந்தன; அவற்றில் பெரும்பாலானவை மற்ற குரோமோசோம்களில் இருப்பவை. அப்பாவின் தலைக்கும் இதில் பங்குண்டு. மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்பதற்கு 1928-இலேயே மில்ட்ரெட் ட்ராட்டர் சவரம் செய்த முடியை அளந்து பார்த்து, கனமும் வேகமும் மாறுவதில்லை என்று பதில் எழுதிவிட்டார். பழனிக்கும் திருப்பதிக்கும் வேண்டுதலுக்காகப் போங்கள். வழுக்கைக்கு மருந்தாக யாரையும் அனுப்பாதீர்கள். சின்ன வெங்காயச் சாறு முடியை வளர்க்கும் என்பதற்குக் கட்டுரையாளர் காட்டும் ஆதாரம் புழுவெட்டு நோயாளிகள் சிலரிடம் செய்த சிறிய ஆய்வு. புழுவெட்டு வேறு நோய்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? சீப்பை விட்டுவிட்டுத் தலையைப் பாருங்கள். ஒரே இடம், ஒரே வெளிச்சம், எண்ணெய் இல்லாத காய்ந்த முடி, ஒரே அளவு வெட்டு. நெற்றியின் இரு ஓரம், வகிடு, உச்சி என்று 3 மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பிடரி முடியையும் உச்சி முடியையும் விரலுக்கு இடையில் உருட்டிப் பாருங்கள். உச்சி முடி மெலிந்திருந்தால் விரலுக்கே தெரியும். மாதாமாதம் முடிவெட்டுகிறவரைக் கேளுங்கள். பின்னால் கண்ணாடி காட்டும் அவர் உங்கள் உச்சியை உங்களைவிட நன்றாக அறிந்தவர். பதினேழு வயதிலிருந்து இருபதுகளின் கடைசிக்குள் நெற்றிக்கோடு எல்லா இடத்திலும் ஒரு விரற்கடை மேலே ஏறுவது வயதுக்கு வருவதன் பகுதி, வழுக்கை அல்ல. இரு ஓரங்களும் மட்டும் ஆழமாக உள்வாங்கி, நடுவில் ஒரு திட்டு முன்னே நிற்கத் தொடங்கினால் மருத்துவரிடம் போங்கள். உதிர்வும் மெலிவும் ஒரே தலையில் சேர்ந்தும் வரும். காய்ச்சலுக்குப் பின் கொட்டியபோதுதான் பலருக்கு அதுவரை மறைந்திருந்த வழுக்கை வெளியே தெரிகிறது. இரும்புச்சத்தும் தைராய்டும் பார்க்க வேண்டியிருக்கும். பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரத்தப் பரிசோதனைக்கு முன் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். தைராய்டு முடிவையே அது மாற்றிக் காட்டக்கூடும்.

கடைசியாக மருந்துகள். கட்டுரையாளரின் எண் விதி இங்கேதான் பெரிய சேதம் செய்கிறது. மினாக்சிடில் 1988 முதல் ஆண் வழுக்கைக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற தலையில் பூசும் மருந்து. அது ஓய்வில் இருக்கும் மயிர்க்கால்களை எழுப்பி வளர்ச்சிக்குத் தள்ளுகிறது. அதனால் முதல் சில வாரங்களில் பழைய முடிகள் கூடுதலாக விழும். மருந்து வேலை செய்யத் தொடங்கியதன் அடையாளம் அது. தினமும் எண்ணிக்கொண்டிருக்கிறவன் என்ன செய்வான்? நூறு தாண்டியது என்று பயந்து, பலன் கிடைக்கப்போகும் நேரத்தில் மருந்தை நிறுத்திவிடுவான்.

ஃபினாஸ்டெரைட் மாத்திரை போட்டால் ஆண்மை போய்விடும் என்று ஒரே வரியில் பயமுறுத்தியிருக்கிறார். 1997-இல் வழுக்கைக்கு அனுமதி பெற்ற 1 மில்லிகிராம் மாத்திரை அது. அனுமதிக்கு முந்தைய சோதனைகளில் பாலுறவுப் பக்கவிளைவு சொன்னவர்கள் நூற்றுக்கு 3.8 பேர்; வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களில் 2.1 பேர். பெரும்பாலோருக்கு நிறுத்தியதும் சரியாகிறது. நிறுத்திய பிறகும் தொடர்வதாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதை நான் தள்ளிவிடுவதில்லை. தற்கொலை எண்ணம் வரக்கூடும் என்பதை 2025-இல் ஐரோப்பிய மருந்து முகமை பக்கவிளைவாக உறுதிசெய்தது; மனச்சோர்வு இருந்தவர்கள் அதை முதலிலேயே சொல்ல வேண்டும், மாத்திரை சாப்பிடும்போது மனம் கனத்தால் நிறுத்திவிட்டு வரவேண்டும். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடக்கூடாது. புராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை எண்ணை இது பாதியாகக் குறைத்துக் காட்டும். இத்தனையையும் ஒருவனிடம் சொன்ன பிறகு, சாப்பிடுவதா வேண்டாமா என்று அவனே முடிவு செய்யட்டும். வழுக்கையை அப்படியே ஏற்றுக்கொள்வதும் முழு உரிமையுள்ள முடிவுதான். அது உயிருக்கு ஆபத்தான நோயில்லை. அவனுக்கு வேண்டிய விவரங்களை மறைத்துவிட்டு ஒரு வரிப் பயத்தைக் கொடுப்பதும், பக்கவிளைவே கிடையாது என்று விற்பவர்கள் செய்வதும் ஒரே குற்றம்.

இந்தப் பத்திரிகையை ஊர் நூலகங்களில் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். மருத்துவரிடம் போவதற்கு முன் முதலில் கையில் எடுப்பது இதைத்தான். நூறு என்ற விதி, வெள்ளை வேர், ஹெல்மெட் ஆகிய மூன்றையும் பெயர் சொல்லி மறுத்து, அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிடுங்கள்.